எமன் ஓலையா? டாக்டர் சீட்டா?

மார்பைப் படம் பிடித்த சீட்டில் "4" என்று கண்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஆண்கள் சீட்டை ஒளித்துவிட்டு, ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோதிடனிடம் ஓடுகிறார்கள். அவனோ கர்மவினை என்கிறான். பரிகாரத்துக்குப் பணம் கேட்கிறான். நோயோ பரிகாரம் முடியும்வரை காத்திருப்பதில்லை.

அந்த எண் தலையெழுத்தல்ல. டாக்டர்கள் ஏற்படுத்திக்கொண்ட குறிப்பு. 0 என்றால் இன்னும் படம் வேண்டும். 1, 2 என்றால் புற்றின் அடையாளம் காணவில்லை. 3 என்றால் புற்றாயிருக்க 100-க்கு 2-க்கு மேல் இடமில்லை. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவேண்டும். 4 என்றால் 100-க்கு 2 முதல் 95 வரை. 5 என்றால் அதற்கும் மேல். இவ்விரண்டிலும் ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதித்தாலன்றி உண்மை தெரியாது. அமெரிக்காவில் இப்படிச் சோதிக்கப்படும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்குப் புற்று இல்லையென்றே முடிவாகிறது. ஊசி பட்டால் புற்று பரவிக் கொல்லும் என்பது வெறும் புரளி.

தேவதாசி முறையை எதிர்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். விதியென்று அழுது உட்கார்ந்தாரா? 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்டார்!

முடிவு வரும்வரை பயம் இருக்கத்தான் செய்யும். பயப்படுவது குற்றமல்ல, அப்பயத்தைச் சோதிடனுக்கு முதலாக்குவதே குற்றம். உடல் அவளுடையது. சீட்டை அவள் கையில் கொடுங்கள். டாக்டரிடம் அவளே கேள்வி கேட்கட்டும். நீங்கள் துணைக்குப் போங்கள். வீட்டிலுள்ள பெண்ணுக்கு இதுகூடச் செய்யாதவனுக்கு மேடையில் சுயமரியாதை பேச என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறோம்.