ஊர்ப் பெயரை எழுத வேண்டியவர் யார்?

சென்னை மாநகரில் ஆண்டுதோறும் ஆகசுட்டுத் திங்கள் பிறந்ததும் ஓர் ஊர்விழா தொடங்கிவிடுகின்றது. 2004-ஆம் ஆண்டில் ஊர்ப்பற்றுடைய சிலரால் தொடங்கப்பெற்று, இன்று நகரின் மூலை முடுக்கெல்லாம் கிளைத்திருக்கும் ‘மெட்ராசு டே’ என்பதே அது. தெருநடைகள், பழைய ஒளிப்படக் காட்சிகள், சொற்பொழிவுகள், பள்ளி மாணவர்க்கான வினாவிடைப் போட்டிகள் என அது விரிகின்றது. அரசு ஆணையிட்டுத் தோன்றியதன்று அவ் விழா. தத்தம் கைப்பொருளையும் ஓய்வுப் பொழுதையும் செலவிட்டு மக்கள் தாமே வளர்த்தது. இவ்வூக்கத்தை யாம் பழிக்கப் போவதில்லை. நம் இயக்கத்தார் பலர் மேடை கட்டிக் கூட்டம் சேர்க்கப் படும் பாட்டை அறிந்த எமக்கு, அழையாமலே வந்து வெயிலில் நடக்கும் இளைஞர் கூட்டத்தைக் கண்டால் பொறாமைகூடத் தோன்றுகின்றது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்கவியலாது. 1639-ஆம் ஆண்டு ஆகசுட்டு 22-ஆம் நாள் என்பது, ஆங்கில வணிகக் கும்பினியார் இங்கிருந்த நாயக்கர் தலைவரிடமிருந்து ஒரு கடற்கரை மணல் திட்டை எழுதி வாங்கியதாகக் கொள்ளப்படும் நாள். (அந்நாள் ஆகசுட்டில் வந்ததா சூலையில் வந்ததா என்பதிலேயே வரலாற்றாரிடையே வேறுபாடு உண்டு.) ஓர் ஊருக்குப் பிறந்தநாள் குறிக்கப் புகுந்தவர்கள், அதனைப் பிறர்க்கு எழுதிக் கொடுத்த நாளைப் போய்த் தேர்ந்தெடுத்தது விந்தையினும் விந்தை! பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் கண்டெடுத்த பழங்கற்காலக் கருவி, மாந்தன் இம்மண்ணில் வாழத் தொடங்கிய காலத்தை எண்ணிப் பார்க்க முடியாத தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றது. கிரேக்க நிலநூலார் தாலமி குறித்த துறைமுகம் மயிலாப்பூர் என்பர். திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவன் தந்திவர்மனின் கல்வெட்டு இருக்கின்றது. இத்துணை முதியவளுக்கு 1639-இல் தொட்டில் கட்டித் தாலாட்டுகின்றனர்!

நாளைப் பற்றிய இவ் வழக்கை இத்துடன் விடுவோம். யாம் எழுத வந்தது வேறு. அதுவே இதனினும் பெரிது. இந்நகரத்தின் நினைவைத் திரட்டும் பணியை இன்று அரசு செய்யவில்லை. பல்கலைக்கழகங்களும் பெரிதாகச் செய்யவில்லை. தெருவில் நடப்போரும், கைப்பேசியில் படமெடுப்போரும், இரவு வேளையில் கணினியின் முன் அமர்ந்து கட்டற்ற களஞ்சியங்களில் எழுதுவோருமே செய்கின்றனர். அவர்கள் எந்த மொழியில் எழுதுகின்றார்களோ அந்த மொழியிலேதான் நாளைய தலைமுறை இந்நகரத்தை அறியும். அம் மொழி இன்று பெரும்பாலும் ஆங்கிலமாயிருக்கின்றது.

அண்மையில் திருவல்லிக்கேணியில் நடந்த தெருநடை ஒன்றில் யாமும் கலந்துகொண்டோம். நடந்தவர் ஏறத்தாழ முப்பதின்மர், எம் செவிக்கு எட்டியவரை அனைவரும் தமிழர், நடத்தியவரும் தமிழரே. மூன்று மணி நேரமும் ஆங்கிலமே முழங்கிற்று. திண்ணையில் அமர்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் எங்களைப் பார்த்து, “யாரப்பா தேடுறீங்க?” என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் அத்தெருவிலேயே கழித்த அவரைத் தேடித்தான் வந்திருக்க வேண்டும் என்பது வந்தவர் எவர்க்கும் தோன்றவில்லை. அல்லி பூத்த கேணியால் அவ்வூர் பெயர் பெற்றது என்பதைக்கூட ‘டிரிப்ளிகேன்’ என்று முதலில் சிதைத்துச் சொல்லிவிட்டு, அச்சிதைவுக்கு விளக்கமாகத்தான் சொன்னார்கள்.

பெயர் சிதைந்தால் என்ன, ஊர் அப்படியேதானே இருக்கின்றது என்பார் உளர். அவர்க்கு விடை கூறவே இக்கட்டுரை.

தமிழர் வைத்த ஊர்ப்பெயர்களுள் மிகப் பல வெறும் அழைப்புப் பெயர்கள் அல்ல. நிலம் பற்றிய அறிவுக் குறிப்புகள். வேப்பேரி, ஓட்டேரி என்பவற்றில் ஏரி இருக்கின்றது. பழவந்தாங்கலில் தாங்கல் இருக்கின்றது. தாங்கல் என்பது நீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரி. அல்லிக்கேணியில் கேணி. பள்ளிக்கரணையை ஒட்டிய பெரும் நீர்ப்பரப்பைப் பழைய மக்கள் ‘கழுவெளி’ என்றனர். மேட்டு நிலத்து நீரெல்லாம் வந்து படிந்து, மெல்ல மெல்லக் கடலுக்கு வடியும் வெளி அது. இச்சொல்லை அறிந்தவன் அங்கே வீடு கட்ட ஒருமுறைக்கு இருமுறை எண்ணியிருப்பான். சொல் மறைந்தது; பயனற்ற தரிசு என்று ஏட்டில் எழுதினர்; குப்பை கொட்டினர்; கட்டடம் எழுப்பினர். இன்று எஞ்சிய பகுதிக்கு 2022-இல் இராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக மதிப்பு கிட்டியிருக்கின்றது. மகிழத்தக்கதே. ஆனால் அம்மதிப்பைத் தெரிவிக்கும் அறிவிப்புகளில் கழுவெளி என்னும் சொல் எத்துணை இடத்தில் வருகின்றது என்று தேடிப் பாருங்கள்!

தியாகராய நகர் 1920-களில் மயிலாப்பூரின் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்தது. வள்ளுவர் கோட்டம் 1976-இல் திறக்கப்பெற்ற இடமும் நுங்கம்பாக்கத்து ஏரியின் நிலமே. வள்ளுவர்க்குக் கோட்டம் எழுந்ததில் நமக்கு மகிழ்ச்சியன்றி வேறில்லை. எனினும் நீரின்றி அமையாது உலகு என்று உணர்த்திய பெருமானின் கோட்டம் ஓர் ஏரியின்மேல் நிற்கின்றது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

2015-ஆம் ஆண்டு இறுதியில் பெய்த பெருமழையில் இந்நகரம் மூழ்கிற்று. அடையாற்றங்கரையும் வேளச்சேரியும் முடிச்சூரும் நீரில் மிதந்தன. அப்போது நடந்த ஒரு பணி நம் இதழ் அன்பர்கள் பலர்க்குத் தெரிந்திராது. ‘ஓப்பன் சுட்ரீட்டு மேப்பு’ என்னும் திறந்த தெருப்படம் ஒன்று இணையத்தில் உண்டு. எந்தக் குழுமத்துக்கும் உடைமையாகாமல், உலகெங்குமுள்ள தன்விருப்பத் தொண்டர்கள் வரைந்து வரும் நிலப்படம் அது. அப்படத்தை அடிப்படையாகக் கொண்டு, வெள்ளம் புகுந்த தெருக்கள் எவை எவை என்பதை மக்களே கைப்பேசி வழியாகக் குறிக்கும் ஏற்பாட்டைச் சில இளைஞர் அமைத்தனர். ஒருவர் குறித்ததைக் கண்டு மற்றொருவர் வேறு வழியில் சென்றார். அரசின் எந்தத் துறையும் ஆணையிடாமல், கூலி கேளாமல் நடந்த தொண்டு அது. அத்தெருப்படத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் பல மொழிகளிலும் பெயர் எழுதத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. தமிழுக்கும் உண்டு. நம் நகரத்துத் தெருக்கள் பலவற்றுக்கு அக்கட்டம் வெறுமையாகக் கிடக்கின்றது. யாரும் தடுக்கவில்லை, யாரும் எழுதவில்லை.

இதனை 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் நடந்ததனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் 1,018-ஐத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கில எழுத்தில் திருத்தி எழுத வேண்டும் என்று அரசு ஆணை பிறப்பித்தது. எக்மோர் எழும்பூராகும், டூட்டிகோரின் தூத்துக்குடியாகும் என்று நாமெல்லாம் களித்தோம். எழுத்துக் கூட்டல்களைப் பற்றி எழுந்த கூச்சலில், சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆணையால் வந்தது ஆணையால் போயிற்று! ஆனால் பதினெட்டு அகவை மாணவி ஒருத்தி தன் தெருவின் பெயரைத் திறந்த தெருப்படத்தில் தமிழில் எழுதிவிட்டால், அதனைத் திரும்பப் பெறும் ஆணையை எந்த அமைச்சரும் பிறப்பிக்க முடியாது. தவறாக எழுதினால் அடுத்த தெருக்காரர் திருத்துவார். அவ்வளவுதான்.

கணினிக்குத் தமிழ் வராது, இணையத்துக்குத் தமிழ் பொருந்தாது என்னும் பழம்பாட்டு இனி எடுபடாது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று, 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள் திருக்குறள் முதலாகத் தொடங்கி நூல் நூலாகத் தட்டச்சு செய்து, விலையின்றி உலகுக்கு வழங்கினர். 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடித் தமிழ்99 விசைப்பலகைக்கு வழிகோலிற்று. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. அதற்குக் கால்கோள் செய்தவர், அரபு நாட்டில் கட்டடக் கலைஞராய்ப் பணியாற்றிய ஈழத்தமிழர் மயூரநாதன். இன்று அதில் ஒன்றரை இலக்கத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. சம்பளம் பெற்று எழுதிய கட்டுரை அரிதினும் அரிது.

யாழ்ப்பாணத்தாரைப் பாருங்கள். 1981-ஆம் ஆண்டு மே இறுதி இரவில் அவர்தம் நூலகத்தைத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 2005-இல் அந்நாட்டு இளைஞர் சிலர் ‘நூலகம்’ என்னும் பெயரிலேயே ஓர் இணையத் தொகுப்பைத் தொடங்கி, வீட்டுப் பரண்களில் எஞ்சிய நூல்களையும், சிற்றிதழ்களையும், கோயில் மலர்களையும், பள்ளி ஆண்டிதழ்களையும், ஏன், இறந்தார்க்கு வெளியிடும் நினைவு மலர்களையும்கூட ஒவ்வொரு பக்கமாக மின்படி எடுத்து ஏற்றி வருகின்றனர். நினைவு மலரில் என்ன இருக்கின்றது என்று ஏளனம் செய்வோர், அதிலேதான் ஊரின் குடிவழியும் தொழிலும் வழக்கும் உறைந்திருக்கின்றன என்பதை அறியார். எரிந்ததை அறிந்தவனுக்கே எஞ்சியதன் அருமை விளங்கும். நமக்கோ எதுவும் எரியவில்லை. அதனால் தாமாகவே செல்லரித்துப் போகின்றன.

சென்னையிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 2015-இல் ஊரூர் ஆல்காட்டுக் குப்பத்தில் ஒரு விழா தொடங்கிற்று. மார்கழிதோறும் குளிரூட்டிய அவைகளுக்குள் அடைந்து கிடக்கும் கருநாடக இசையையும், பறையையும், கூத்தையும் ஒரே மேடையில் மீனவர் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். அவ்விழாவை முன்னெடுத்தோருள் ஒருவரான பாடகர் டி. எம். கிருட்டிணா, 2017-ஆம் ஆண்டு சனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ இணையத்தில் பரவிற்று. யார்க்கும் தனியுடைமையாகாத ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், கடற்கரை ஆகியவற்றை நிலவரி ஏட்டில் குறித்த நல்ல தமிழ்ச் சொல் புறம்போக்கு. அது நம் வாயில் வசைச்சொல்லாக இழிந்து கிடந்தது. ஒரு பாட்டு அதனைத் தூக்கி நிறுத்திற்று. நம் சொல்லாய்வுக் கட்டுரைகள் செய்யாததை அது செய்தது என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்கு நாணமில்லை. அப்பாட்டுச் சென்னைத் தெருத்தமிழில் அமைந்தது என்று முகம் சுளித்த நம்மவரும் இருக்கின்றனர்! மீனவர் நாவில் வாடையும் கொண்டலும் கச்சானும் காற்றின் பெயர்களாக இன்றும் உயிரோடிருக்கின்றன. கொண்டல் என்றால் கீழ்க்காற்று என்பதைக் குப்பத்துச் சிறுவன் அறிவான். நம் தமிழ் முதுகலை மாணவன் நிகண்டைப் புரட்டுவான். தூய தமிழ் அகரமுதலியில் மட்டும் இருப்பதாகக் கருதுவோர் ஒருநாள் விடியற்காலையில் கட்டுமரம் கரையேறும் இடத்துக்குப் போய் நிற்கட்டும்.

2020-இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’யும் இத்தகையதே, பெயரும் தமிழாய் அமைந்தது. அரசு சார்ந்து நடக்கும் பெருவிழாவுக்கோ ‘சங்கமம்’ என்று பெயர். ‘கூடல்’ என்றொரு சொல் தமிழில் இருப்பதை எடுத்துச் சொல்வார் அங்கே எவருமில்லை போலும்! அதன் துணைப்பெயரான ‘நம்ம ஊரு திருவிழா’ எவ்வளவோ மேல்.

நம்மவரைப் பற்றியும் ஒரு சொல். பிறமொழிக் கலப்பைக் கண்டித்து நாம் எழுதிய தாள்களை அடுக்கினால் ஒரு குன்று உயரும். பெயர்ப்பலகையில் ஆங்கிலம் கண்டால் துண்டறிக்கை அச்சிடுகின்றோம். ஆனால் இந்நகரில் ஆகசுட்டு விழா நடந்துவரும் இத்தனை ஆண்டுகளில், தமிழில் நடத்தப்பெறும் தெருநடை ஒன்றை ஏற்பாடு செய்த நம் கிளைகள் எத்தனை? கட்டுரை எழுதும் கை படைத்தோர், அதே கட்டுரையின் செய்திகளைச் சான்றுடன் விக்கிப்பீடியாவில் ஏற்ற ஏன் தயங்குகின்றனர்? பெயர் போடமாட்டார்கள் என்பதாலா? புலமையைப் பிறர் வந்து திருத்துவார்களே என்னும் அச்சத்தாலா? அங்கே எழுதும் இளைஞர் பலர் நம் இதழைப் படித்ததில்லை. நாமும் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்கள் சொல்லுக்குத் திணறுகின்றனர்; நம்மிடம் சொல் குவிந்து கிடக்கின்றது.

சென்னையிலுள்ள அன்பர்கள் வரும் திங்களிலேயே தொடங்கலாம். முதலில் வேளச்சேரியோ பழவந்தாங்கலோ, தமக்கு அண்மையிலுள்ள ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்துகொள்க. அப்பகுதியில் பிறந்து முதிர்ந்த நால்வர் ஐவரைக் கண்டு, தெரு, மேடு, பள்ளம், வாய்க்கால், மதகு, துறை, சந்து ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களை அவர்கள் சொல்லும் ஒலிப்பிலேயே கேட்டு எழுதுக. அவர்கள் இசைந்தால் குரலையும் பதிவு செய்க. எழுதியதைத் திறந்த தெருப்படத்தின் தமிழ்க் கட்டத்தில் ஏற்றுக. நூலிலோ கல்வெட்டிலோ சான்று கிட்டியவற்றை மட்டும் விக்கிப்பீடியாவுக்குக் கொண்டு செல்க. கணினி பழகாத முதியோர் எழுதிக் கொடுக்கட்டும், பேரப்பிள்ளைகள் ஏற்றட்டும். பெயர் தெரியாத இடத்தில் நாமாக ஒரு தூயதமிழ்ப் பெயரைப் படைத்து எழுதிவிட வேண்டா. அது வேறொரு சிதைவாகும். ஏரி இருந்த இடத்தில் ஏரி என்றும், மூடிய வாய்க்காலுக்கு அதன் பழைய பெயரும் எழுதினால் போதும். அடுத்த மழைக்கு முன் அத்தனையும் ஏறிவிட வேண்டும்.