ஐந்து பேருக்கு ஒரு பயணச்சீட்டு

ஐரோப்பாவில் படிக்கும் தமிழ் மாணவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளுக்கு இலக்கிய வாசகர்களிடையே நல்ல பெயர் இல்லை. வெள்ளி இரவு பேருந்து ஏறி, சனிக்கிழமை பாரிஸ், ஞாயிற்றுக்கிழமை புருஸ்ஸல்ஸ், திங்கள் காலை வகுப்பறை என்று ஓடும் அக்கட்டுரைகளில் ஒரு கோபுரம், ஒரு பாலம், ஒரு கெபாப்பின் விலை, பத்துப் புகைப்படங்கள் இருக்கும். இது பயணமா, வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்தா என்று கேலி பேசுவோர் உண்டு. கேலியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அவசரத்தை ஒரு குறையாக நாங்கள் கருதவில்லை. அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கியது எது என்பதை அக்கட்டுரைகள் எழுதாமல் விட்டுவிடுகின்றன என்பதே எங்கள் மனக்குறை.

எங்களில் சிலர் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய்ப் படித்தவர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பயணம் என்றால் அதற்கொரு காரணம் வேண்டும். கல்யாணம், சாவு, குலதெய்வம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு. காரணமின்றி வெளியூர் கிளம்புகிறவனை 'எங்கடா சுத்தப் போற?' என்று கேட்பார்கள். பெண்பிள்ளைகளிடம் அந்தக் கேள்வி எழுவதில்லை, ஏனெனில் அவர்கள் கிளம்புவதே இல்லை. நாங்கள் வளர்ந்த காலத்தில் கள்ளக்குறிச்சி நகருக்கு ரயில் கிடையாது. சேலம் - விருத்தாசலம் தடத்திலுள்ள சின்னசேலம் நிலையத்துக்குத்தான் போயாக வேண்டும். இப்படியொரு ஊரிலிருந்து வந்த பெண்ணொருத்தி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை யாரிடமும் காரணம் சொல்லாமல் வியன்னாவுக்குச் சீட்டு எடுக்கிறாள். வியன்னாவில் அவள் என்ன பார்த்தாள் என்பது இரண்டாம்பட்சம். அந்தச் சீட்டை எடுத்த கை எத்தனை தலைமுறைத் தயக்கத்தைக் கடந்து வந்தது என்பதை அவளுடைய கட்டுரை சொல்வதில்லை. அவளுக்கே அது எழுதத் தக்க விஷயமாகத் தோன்றுவதில்லை போலும்.

ஜெர்மன் ரயில்வே 1995இல் 'இனிய வார இறுதிச் சீட்டு' என்றொன்றை அறிமுகம் செய்தது. தொடக்கத்தில் 15 மார்க் விலை. ஐந்து பேர் ஒரே சீட்டில், சனி ஞாயிறு இரு நாளும், நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் ஏறி இறங்கலாம். பின்னர் விலை ஏறியது, இரண்டு நாள் ஒரு நாளானது, 2019இல் சீட்டே நின்றுபோயிற்று. எங்களில் மூத்தவர்கள் ஜெர்மனியைப் பார்த்தது இந்தச் சீட்டின் தயவில்தான். நான்கு பேர் சேர்ந்துவிட்டால் ஐந்தாமவரைத் தேடி விடுதியின் கதவுகளையெல்லாம் தட்டுவது வழக்கம். அப்படித்தான் ஒரு கொரியனும், ஒரு கேமரூன்காரரும், நம்மூர்ச் சாதிக் கணக்கில் ஒருபோதும் ஒரே வாகனத்தில் ஏறியிராத இரண்டு கள்ளக்குறிச்சிப் பையன்களும் ஒரே பெட்டியில் முழங்கால் இடிக்க ஏழு மணி நேரம் அமர்ந்து போனார்கள். விரைவு ரயிலில் ஏறக்கூடாது என்பதால் நாலு இடத்தில் வண்டி மாற வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரைவிட வண்டி மாறிய ஊர்களின் நடைமேடைகளே எங்களுக்கு நன்றாக நினைவிருக்கின்றன. 2023 மே மாதம் முதல் 49 யூரோ மாதச் சீட்டு வந்தது. இப்போது அதன் விலையும் கூடிவிட்டது, அது தனி ஆளுக்கான சீட்டும்கூட. ஐந்தாமவரைத் தேட வேண்டிய தேவை போயிற்று என்பதில் எங்களுக்குச் சற்று வருத்தமே.

அடுத்தது எல்லை. ஆகன் நகரில் படித்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சந்திக்கும் ஒரு மேட்டில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றி நாலடி வைத்தால் மூன்று நாடுகள் முடிந்துவிடும். முதன்முறை போகிற ஒவ்வொருவரும் சிறுபிள்ளைபோல் அந்தக் கல்லைச் சுற்றுகிறார்கள். ஷெங்கன் ஒப்பந்தம் 1985இல் கையெழுத்தாகி 1995இல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியில் வசிக்க அனுமதி பெற்ற மாணவர் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை பிற ஷெங்கன் நாடுகளில் சுற்றலாம். இந்த ஒரு வரிதான் வார இறுதிப் பயணத்தின் மூலமந்திரம். அந்த அனுமதியைப் பெற ஒரு மாணவர் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ கட்டிக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். கரும்புக் காணியை அடகு வைத்துத் திரட்டிய பணத்தில் மாதாமாதம் அளந்து எடுத்து, அதிலிருந்து மிச்சம் பிடித்த இருபது யூரோவில்தான் பிராகாவுக்குப் பேருந்து ஏறுகிறோம். 2024-25 கல்வியாண்டில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 59 ஆயிரம் பேர். வெளிநாட்டு மாணவர்களில் இவர்களே மிகப் பெரிய கூட்டம். இத்தனை பேரில் எத்தனை பேர் தம் பயணக் கட்டுரையில் அந்த அடகைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்?

அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் எல்லை தாண்டவே பலரும் அஞ்சுவார்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் நிலவழி எல்லைகள் அனைத்திலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. சோதிக்க ஏறும் சீருடையினர் நிறைந்த பெட்டியில் முதலில் யாரிடம் வந்து நிற்கிறார்கள் என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே ஈழத் தமிழரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் குடமுழுக்குக் கண்டது. ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழர்கள் வருகிறார்கள். எங்கள் மாணவர் கூட்டமும் ஒரு ஞாயிறு போய் வரிசையில் நின்று சோறு சாப்பிட்டு வருவதுண்டு. அங்கே நமக்குப் பரிமாறுகிற பெரியவர்களில் பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக வந்தவர்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகலிடம் கோரி விண்ணப்பித்தவர் தமக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரத்தை விட்டு எழுத்துமூல அனுமதியின்றி வெளியே போகக் கூடாது. பக்கத்து வட்டாரத்திலுள்ள சொந்தத் தம்பியைப் பார்க்கப் போனாலும் அபராதம் விதிக்கலாம். இந்தக் கட்டுப்பாடு நாடு தழுவிய அளவில் தளர்ந்தது 2015இல்தான். நாம் ஒரே மாதத்தில் ஐந்து நாடு பார்த்துவிட்டு வந்து நிற்கும் அதே ரயில் நிலையத்தில், அந்த மனிதர் ஒரு காலத்தில் அடுத்த ஊருக்குச் சீட்டெடுக்கப் பயந்து நின்றிருக்கிறார். ஒரே மொழி, ஒரே ரயில், கையிலிருக்கும் காகிதம் மட்டும் வேறு. ஐரோப்பாவைக் குறித்து எழுதப் புகும் தமிழ் மாணவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் எந்த அருங்காட்சியகத்தில் கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. ஏ.கே. செட்டியார் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை படித்த மாணவர். 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதியவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்தவர். அவரேதான் பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்குள்ளேயே நம் முன்னோர் செய்த பயணங்கள் குறித்த பழைய கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார். சோமலெ வெளிநாடுகளைப் பற்றி எழுதிய கையோடு தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றியும் எழுதினார். வெளியே பழகிய கண்ணை ஊர்ப்பக்கம் திருப்புவது இவ்விருவருக்கும் இயல்பாக வந்தது. எங்கள் தலைமுறைக்கு அப்படி வரவில்லை என்பதற்குக் கல்வராயன் மலையே சாட்சி.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியே ஏறினால் வெள்ளிமலை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஐரோப்பாவில் ஒரு சனிக்கிழமைக்கு நாங்கள் போகிற தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த மலை ஓர் ஊராகத் தோன்றியதே கிடையாது. கடுக்காய், புளி, தேன், சாமை இறங்கிவரும் இடம். அதற்கு மேல் சாராய ஊறல் அழிக்கப்படும் செய்திக்குரிய இடம். ஐரோப்பிய இளைஞர்கள் ஒரே சீட்டில் கண்டத்தைச் சுற்றட்டும் என்று இன்டர்ரெயில் சீட்டு 1972இல் வந்தபோது, கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆளுகை முடிந்திருக்கவில்லை; அது 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, மலைமக்களின் சாலை, மருத்துவம், பள்ளி நிலைமைகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து விசாரித்தது. மலையைப் பற்றிப் பேச நமக்கு அப்படியொரு சாவு தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது வார இறுதிகளில் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் சமவெளியிலிருந்து கார்களும் பைக்குகளும் ஏறுகின்றன. வெளிநாட்டில் படித்துவிட்டு விடுமுறைக்கு வருகிறவர்களும் போகிறோம். பிராகாவில் இறங்குமுன் செக் மொழியில் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டு போனவர்கள் நாங்கள். விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள். அதே ஆட்கள் கரியாலூரில் வண்டியை நிறுத்தி, சாலையோரம் கொய்யா விற்கும் அம்மாளிடம் ஊர்ப் பெயரைக்கூடக் கேட்காமல் விலையைக் குறைக்கப் பேசுகிறோம்; அருவியடியில் புட்டியைப் போட்டுவிட்டு இறங்குகிறோம். அந்த அம்மாள் பேசுவது தமிழ். அகராதி வேண்டியதில்லை. மலையாளி என்ற பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் நண்பர்களிலேயே உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் தாங்கள் என்று அம்மக்கள் தம் வழக்கில் சொல்லிவருவது கீழே பலர் காதுக்கு எட்டியதேயில்லை.

மலையிலிருந்தும் மாணவர்கள் வெளியூர் போகிறார்கள். கீழே கள்ளக்குறிச்சியிலும் சேலத்திலும் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுடைய வெள்ளிக்கிழமை மாலையும் ஒரு பேருந்து நிலையத்தில்தான் தொடங்குகிறது. வெள்ளிமலை வரை பேருந்து உண்டு. அதற்கப்பால் உள்ளே கிடக்கும் குக்கிராமங்களுக்கு நடைதான், அல்லது அந்தப் பக்கம் போகிற ஏதாவது வண்டி. கையில் துவைக்க வேண்டிய துணி, திங்கட்கிழமை விடுதிக்குக் கட்ட வேண்டிய பணத்தைப் பற்றிய கவலை. வேலை தேடிக் கேரளத் தோட்டங்களுக்குப் போயிருக்கும் பெற்றோர் அந்த வாரம் வீட்டில் இருப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. இதுவும் படிக்கப் போன இடத்திலிருந்து செய்கிற வார இறுதிப் பயணம்தான். இதை எழுதியவர் எவரையும் நாங்கள் இன்னும் படித்ததில்லை.

ஆகவே கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளிடம் நாங்கள் கேட்பது இதுதான். அடுத்த கட்டுரையில் ஈபிள் கோபுரத்துக்கு ஒரு பத்தி குறைத்துக்கொண்டு, சீட்டு எப்படி வாங்கினீர்கள், யார் பணம், வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள், எல்லையில் யார் உங்களை எழுப்பினார்கள் என்று எழுதுங்கள். ஊருக்கு வரும்போது வெள்ளிமலைக்கு ஒரு வெள்ளி மாலை அரசுப் பேருந்தில் ஏறிப் போங்கள், காரில் வேண்டாம். பக்கத்து இருக்கையில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ உங்களைவிட நன்றாக எழுத வரலாம். எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தந்தால் ஒற்றெழுத்துகூட மாற்றாமல் வெளியிட நாங்கள் இருக்கிறோம்.