‘நல்லாதானே ஓடுது, எதுக்கு அப்கிரேடு?’ - சர்வர் அறையின் ஆபத்தான கேள்வி!

போனில் அப்டேட் வந்தால் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம். ஆபீஸ் சர்வர் விஷயத்தில் மட்டும், ‘நல்லாதானே ஓடுது, அதை எதுக்குத் தொடணும்?’ என்கிறோம். இந்த மனநிலைக்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டும் என்பதை 2023 பிப்ரவரி காட்டியது.

முதலில், சர்வர் விர்ச்சுவலைசேஷன் என்றால் என்ன? ஒரு பெரிய வீட்டைப் பல போர்ஷன்களாகப் பிரித்து வாடகைக்கு விடுவது மாதிரிதான். ஒரே சர்வருக்குள் பில்லிங், சம்பளக் கணக்கு, மெயில் எனத் தனித்தனி ‘விர்ச்சுவல் மெஷின்கள்’ ஓடும. இப்படிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ அதில் பிரபலமானது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வாசல் கதவின் பூட்டு பழசானால், எல்லா போர்ஷனுக்கும் ஆபத்து.

அதுதான் நடந்தது. ‘இஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ்’ என்ற ரேன்சம்வேர், உலகம் முழுக்கப் பல ஆயிரம் சர்வர்களைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டை புதிதல்ல. அதை அடைக்கும் பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இரண்டு வருடம் டைம் இருந்தும் பலர் போடவில்லை! அந்த ஓட்டை இருந்த ‘எஸ்எல்பி’ என்ற சேவையை, 2021 முதல் புதிய பதிப்புகளில் அணைத்த நிலையிலேயே தரத் தொடங்கியிருந்தது விஎம்வேர்.

அப்கிரேடு பண்ணிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதலில் விசென்டர், பிறகு ஒவ்வொரு இஎஸ்எக்ஸ்ஐ சர்வர், அதன்பின் விஎம்வேர் டூல்ஸ் என்பதுதான் வழக்கமான வரிசை. இதெல்லாம் முடிந்தாலும், உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின்களின் ‘ஹார்டுவேர் வெர்ஷன்’ பழசாகவே இருக்கும். அதைத் தனியாக உயர்த்தினால்தான் சில புதிய வசதிகள் கிடைக்கும். அதற்கு மெஷினை அணைக்க வேண்டும். உயர்த்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதும் சுலபமில்லை. அதனால் பேக்கப் இல்லாமல் கை வைக்கவே கூடாது.

ஒரு சர்வர் செத்தால் அதிலிருந்த மெஷின்களை இன்னொன்றில் தானாகவே மறுபடி இயக்கும் ‘ஹை அவைலபிலிட்டி’ வசதியும் அப்படித்தான். லைசென்ஸில் இருந்தாலும், நாம் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். வெர்ஷன் நம்பர் மட்டும் மாறினால் அது அப்கிரேடு அல்ல. தேவையானதை ஆன் செய்து, தேவையில்லாததை ஆஃப் செய்தால்தான் அந்த வேலை முழுமையாகும்.

‘செலவு யார் பார்ப்பது?’ என்ற கேள்வி நியாயமானது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டு, சந்தா முறைக்கு மாறியது. சிறிய நிறுவனங்களுக்கு இது உண்மையிலேயே சுமைதான். கட்டுப்படியாகாவிட்டால் ஹைப்பர்-வி, பிராக்ஸ்மாக்ஸ் என மாற்று வழிகள் இருக்கின்றன. ஆனால், பழசிலேயே அப்படியே உட்கார்ந்திருப்பது ஒரு வழியே அல்ல. விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ம் தேதியோடு முடிந்துவிட்டது.

என்னைக் கேட்டால், இதில் டெக்னாலஜியைவிடப் பெரிய பிரச்னை நேரம் கொடுக்காததுதான். ஐ.டி. டீம் நாலு மணி நேர டவுன்டைம் கேட்டால் ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்போம். தாக்குதல் நடந்தால் அவர்களிடம்தான் விளக்கம் கேட்போம். இது என்ன நியாயம்?

அடுத்த முறை ‘ஞாயிறு இரவு சர்வர் மெயின்டனன்ஸ்’ என்று மெயில் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு ராத்திரியை விட்டுக்கொடுங்கள். உங்கள் சம்பளக் கணக்கும் அதே சர்வரில்தான் இருக்கலாம்!