மூப்பு எந்த வயதில்?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள், குற்றாலத்துச் சாரல் குத்துக்கல்வலசை வரை வந்து தூவிக்கொண்டிருந்த காலைப் பொழுதில், சங்க அலுவல் நிமித்தம் அப்பக்கத்து நெசவாளர் வீடொன்றின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். உள்ளே ஓர் அம்மையார் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தலை முற்றும் நரைத்திருந்தது. கை மட்டும் ஓயவில்லை. "ஆச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்" என்றோம். செம்பை நீட்டியவர், "அட்டைப்படி நான் இன்னும் ஆச்சி ஆகலையேய்யா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் பின்னே ஒரு வழக்கு இருந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது இவர் ஐந்து மாதக் கைக்குழந்தை என்று இவருடைய தாயார் சொல்லிவந்தாராம். அக்கணக்கில் 2024 ஆடியிலேயே இவருக்கு 60 நிறைந்துவிட்டது. ஆதார் அட்டையிலோ பிறந்த நாள் 1-1-1969 என்று இருக்கிறது. சங்கப் பதிவேடுகளைப் புரட்டும்போது, ஜனவரி முதல் தேதியில் மட்டும் இத்தனை பேர் எப்படிப் பிறந்தார்கள் என்று நாம் வியந்ததுண்டு. பிறந்த நாள் அறியாதவர்களுக்கு எழுதப்பட்ட நாள் அது. அட்டையின்படி இவர் முதியவராக 2029 பிறக்க வேண்டும். கூட்டுறவு நெசவாளர்க்குரிய முதியோர் ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்விகிதத்தில் நான்கரை ஆண்டுக்கு 64,800 ரூபாய் ஆகிறது. ஒரு குடும்பம் அயலாரிடம் வட்டிக்கு வாங்காமல் இருக்கப் போதுமான தொகை இது.

இந்த 60 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஜெர்மனி தேசத்தில் 1889-இல் முதியோர் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, ஓய்வூதியம் பெறும் வயதை 70 என்று வைத்தார்கள். 1916-இல் அதை 65 ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டில் மத்திய அரசு ஊழியர் 1962 வரை 55-இல் ஓய்வு பெற்றனர். அது பிறகு 58 ஆயிற்று. 1998-இல் 60 ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு 58 ஆக இருந்தது 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஏழைகளின் கணக்கோ எதிர்த்திசையில் நடந்தது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995-இல் தொடங்கியபோது 65 வயது நிறைந்தவர்க்கே உதவி என்றிருந்தது. 2011-இல்தான் அது 60 ஆகக் குறைக்கப்பட்டது. உத்தியோகஸ்தரின் மூப்பு மேலே தள்ளப்பட்டு, கூலிக்காரரின் மூப்பு கீழே இறக்கப்பட்டு, இரண்டும் 60-இல் சந்தித்துக்கொண்டன. இயற்கை வகுத்த எல்லை ஏதும் அங்கே இல்லை. கஜானாவின் நிலையும் கோரிக்கையின் பலமும் வகுத்த எல்லைதான்.

நம் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் சென்றால், 2013 ஏப்ரலுக்கு முன் பணியிற் சேர்ந்த கேரள அரசு ஊழியர் 56 வயதிலேயே ஓய்வு பெறுகிறார். செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதியன்று நம் மாநிலத்தோடு சேர்ந்திராவிட்டால், அவ்வூர்க் குமாஸ்தாக்களும் நான்கு ஆண்டு முன்னதாகவே மூப்படைந்திருப்பர்! இரயில் வண்டியில் பெண்கள் 58-இலும் ஆண்கள் 60-இலும் மூப்படைந்து வந்தனர். 2020 மார்ச்சில் அச்சலுகையும் நிறுத்தப்பட்டது. 2019-இல் உழவர்க்கென ஏற்பட்ட ஓய்வூதியத் திட்டத்திலோ 18 முதல் 40 வயது வரை உள்ளவரே சேரலாம். அவ்வாண்டில் 40-ஐக் கடந்திருந்த விவசாயி, அதைப் பொறுத்தமட்டில் அப்போதே கிழவராகிவிட்டார்.

நம் முன்னோர் கணக்கும் ஒன்றாக இருந்ததில்லை. உலா நூல்களில் பெண்ணுக்கு ஏழு பருவம். இறுதியான பேரிளம்பெண் பருவம் 40 வயதோடு முடிந்துவிடுகிறது. பாட்டியல் நூலார் ஆணுக்கு 30-க்கு மேல் முதுமகன் என்று பெயர் சூட்டினர். அக்கணக்கின்படி இதை எழுதும் நாமே முதுமகன்தான். ஆனால், பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டு மீண்டும் வரும்போது, நம் மக்கள் அந்த மனிதரை மூலையில் உட்கார வைக்கவில்லை. மாலையிட்டு மறுபடி மணமேடையில் அல்லவா அமர்த்தினார்கள்!

1951-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 என்பர், இப்போது 70. இதைக் கொண்டு, அக்காலத்தில் எல்லோரும் முப்பதுகளில் மடிந்தனர் என்று கொள்ளலாகாது. குழந்தைச் சாவுகளே சராசரியைக் கீழே இழுத்தன. நாம் கவனிக்க வேண்டியது வேறு: இன்று 60-ஐ எட்டியவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 கடந்தவர்கள். அவர்களுள் நம் அங்கத்தினர் எத்தனையோ பேர்.

தொழிலுக்கும் ஒரு மூப்பு உண்டு. அது தேதி பார்த்து வருவதில்லை. குழித்தறியில் காலை இறக்கி மிதி மிதிப்பவருக்கு முழங்காலும் இடுப்பும் முதலில் மூப்படைகின்றன. அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதற்குக் கண் வேண்டும். அதுவோ நாற்பதிலேயே வெள்ளெழுத்து கண்டுவிடுகிறது. ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டதும் பத்து இருபது ஆண்டு மூப்பு பின்வாங்கிவிடுகிறது. வயலில் நாற்று நடக் குனிய இயலாதவர், கார் பருவத்தில் எந்த மடையை எப்போது திறப்பது என்பதில் இளைஞர் நால்வருக்குச் சமம். நம் நெசவாளர் வீடுகளில், தறியை விட்டு இறங்கியவர் பாவு வேலைக்கும், அதுவும் இயலாதபோது தார் சுற்றுவதற்கும் படிப்படியாக வந்தனரேயன்றி, ஒரே நாளில் ஓய்வு பெற்றவர் இல்லை.

மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் அவர் விரல்கள் கோணியிருந்தன. அந்தக் கைகளோடு கண்புரை அறுவை செய்து வந்த அவர், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே பார்வை மீண்டு மறுபடி தொழிலுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். முதியவர் என்று அரசு விடைகொடுத்த ஒருவர், எத்தனையோ பேருடைய மூப்பைத் தள்ளிவைத்தார்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நம் சங்கங்களில் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். ஒருவர் எப்போது உதவி பெறலாம் என்பது ஒன்று. எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஓர் எண் அவசியம். எண் இல்லாவிட்டால் செல்வாக்குள்ளவர் முந்திக்கொள்வர். 60 இருக்கட்டும். இரண்டாவதற்கு எந்த எண்ணும் தகாது. வேறொரு சங்கத்தில், 66 வயதுடைய அங்கத்தினர் ஒருவருக்குப் பாவு கொடுப்பதை நிர்வாகிகள் நிறுத்திவிட்டார்கள். "வயதாகிவிட்டது, அண்ணாச்சி, சிறுசுகளுக்கு விடுங்க" என்று நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். அவர் நெய்து முன்பு ஒப்படைத்த வேட்டிகளில் நாம் குறை காணவில்லை. கூலி நின்றதோடு, காலையில் சங்கத்து வாசலுக்கு வரும் வழக்கமும் அவருக்கு நின்றுபோயிற்று. இதை நாம் ஒப்பவில்லை. துணி நன்றாயிருக்கும் வரை பாவு கொடுக்க வேண்டும். கால் இயலாதவர்க்குத் தார், பாவு வேலைகளை உரிய கூலியோடு சங்கமே ஒதுக்க வேண்டும். வீட்டில் முதியோர் சுற்றும் தாருக்குத் தனிக் கூலி எழுதும் வழக்கம் நம்மிடையே அரிது. அது நெய்பவரின் கூலியில் கரைந்துவிடுகிறது.

வயதுப் பதிவைப் பற்றியும் ஒரு சொல். காரியதரிசிகள் அடுத்த மகாசபைக்கு முன் அங்கத்தினர் பதிவேட்டின் வயதுக் கலத்தை ஒருமுறை பார்க்கட்டும். 1-1 என்று பிறந்த தேதி உள்ளவர்களைத் தனியே குறித்து, உடன்பிறந்தார் சான்றிதழ், பிள்ளைகளின் வயது ஆகியவற்றோடு ஒப்பிடட்டும். 60 வந்தபின் திருத்தம் கேட்டால், பணத்துக்காகக் கேட்கிறார் என்ற ஐயம் எழும். 50-இல் கேட்டால் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

மேலே சொன்ன அம்மையார் வீட்டில் அப்படியொரு சான்று அகப்பட்டது. அவருடைய தம்பி பள்ளியில் படித்தவர். அவர் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1966. தம்பி 1966-இல் பிறந்திருக்க, அக்காள் 1969-இல் எவ்வாறு பிறப்பார்? முன்பு ஒருமுறை அவருடைய மனு ஆதாரமில்லை என்று திரும்பிவந்ததாம். இம்முறை தம்பியின் சான்றிதழ் நகலை இணைத்து அனுப்பியிருக்கிறோம். இதை எழுதும் நாள் வரை விடை வரவில்லை.