வாசலில் கிடக்கும் கல் வானத்துக் கல்லா?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் 1988-ல் ஒரு பண்ணையை விலைக்கு வாங்கினார். கொட்டகைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு கறுத்த கல்லை அங்கே முட்டுக் கொடுத்திருந்தார்கள். அது 1930-களில் வானத்திலிருந்து விழுந்த கல் என்றும், பண்ணையோடு அதுவும் சேர்த்திதான் என்றும் சொன்னார் பழைய சொந்தக்காரர்.

அதற்குப் பிறகும் சுமார் 30 வருஷம் அந்தக் கல் கதவைத் தாங்கிக்கொண்டே காலம் தள்ளியது! 2018-ல்தான் மோனா சர்பெஸ்கு என்ற பேராசிரியையிடம் போயிற்று. அந்த அம்மாளிடம் 18 வருஷமாக எத்தனையோ பேர் கல்லும் கையுமாக வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கிடைத்த பதில் "இல்லை" என்பதுதான். இந்த ஒன்று தேறிவிட்டது. எடை சுமார் 10 கிலோ. பெரும்பாலும் இரும்பு, நூற்றுக்கு 12 பங்கு நிக்கல். மதிப்பு ஒரு லட்சம் டாலர் என்றார்கள்.

உடனே கொல்லைப்புறத்துத் துவைக்கும் கல்லைப் புரட்டப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! முதலில் சில பரீட்சைகள்.

கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதே அளவுள்ள சாதாரணக் கல்லைவிடக் கனக்கிறதா? புதிதாக விழுந்த விண்கல்லானால், காற்றில் உரசி எரிந்ததால் மெல்லிய கறுப்புத் தோல் போர்த்தியிருக்கும். சிலவற்றில், பிசைந்த மாவில் கட்டை விரலை அழுத்தியதுபோல் குழிகள் தெரியும். ஆனால் இட்லியைப் பிட்டாற்போல் உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தால் சந்தேகம் வேண்டாம். அது அநேகமாக உலையில் கழித்த இரும்புக் கசடு.

அடுத்து, பளபளப்பில்லாத டைல் பின்புறத்தில் கல்லைத் தேயுங்கள். சிவப்பாகவோ கறுப்பாகவோ அழுத்தமான கோடு விழுந்தால், பெரும்பாலும் அது பூமியில் விளைந்த இரும்புத் தாதுதான்.

"காந்தத்தை வைத்துப் பார்க்கலாமே?" என்பீர்கள். விண்கற்களில் பெரும்பாலானவை காந்தத்தை இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அந்தக் கல்லில் பதிந்த காந்த அடையாளத்தை, பலமான காந்தம் ஒரே தொடுதலில் அழித்துவிடும். செவ்வாயிலிருந்து வந்த அபூர்வமான கற்கள்கூட இப்படிப் பாழாகியிருக்கின்றன. ஆகவே திசைகாட்டியின் அருகே கல்லைக் கொண்டுபோங்கள். முள் அசைந்தால் அது போதும்.

சுத்தியலையும் எடுக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2015-ல் 17 கிலோக் கல் ஒன்றைக் கண்டெடுத்தவர், உள்ளே தங்கம் இருக்கும் என்று ரம்பம், துளைக்கருவி, அமிலம், சம்மட்டி எல்லாவற்றையும் பிரயோகித்தார். கல் மசியவில்லை. கடைசியில் மெல்போர்ன் மியூசியத்தில் காட்டினார். அது 460 கோடி வருஷத்து விண்கல்! உடைந்திருந்தால்?

எல்லாப் பரீட்சையிலும் தேறிய கல்லை, புவியியல் போதிக்கும் கல்லூரியில் காட்டுங்கள். நிக்கல் உண்டா என்று சோதனைச்சாலைதான் முடிவாகச் சொல்ல முடியும். "இல்லை" என்று பதில் வந்தால் வருத்தமெதற்கு? கதவுக்கு ஒரு நல்ல முட்டு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்!