தலையாட்ட மறுத்தவர்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியிடம் போய் ‘இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சொன்னவர் நைஜல் காட்ரிச். ரேடியோஹெட் குழுவின் தயாரிப்பாளர். பீட்டில்ஸ் பிரிந்ததற்கு அடுத்த வருடம் பிறந்தவர். அவரைச் சிபாரிசு செய்தவரோ, பீட்டில்ஸை வளர்த்தெடுத்த ஜார்ஜ் மார்ட்டின்.

காட்ரிச் தயாரிப்பில் 2005-ல் வந்த மெக்கார்ட்னியின் ‘கேயாஸ் அண்ட் கிரியேஷன் இன் தி பேக்யார்ட்’ ஆல்பத்தை இந்த வாரம் மறுபடி கேட்டேன். அதன் பலமெல்லாம் அந்த ‘பிடிக்கவில்லை’யில்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. மெக்கார்ட்னியோடு ஊர் ஊராகப் போய் வாசிக்கும் குழுவை காட்ரிச் ஒதுக்கிவைத்தார். பியானோ, பேஸ், டிரம்ஸ், கிதார் என்று பெரும்பாலானவற்றை மெக்கார்ட்னியையே வாசிக்கச் சொன்னார். சில பாடல்களைத் தொடவே மறுத்தார். கோபம் வந்ததை மெக்கார்ட்னி பேட்டிகளில் மறைக்கவில்லை.

கோபத்துக்குப் பலன் இருந்தது. ‘ரைடிங் டு வேனிட்டி ஃபேர்’ பாட்டின் வேகத்தைக் குறைக்க வைத்தார் காட்ரிச். நட்பு கசந்த கதைக்கு அந்த நிதானம்தான் கனம் சேர்க்கிறது. ‘ஜென்னி ரென்’னில் தனிக் கிதாருக்கு நடுவே டுடுக் என்ற ஆர்மீனியக் கருவி நுழைகிறது. நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதுவதுதான். ஆனால் முழங்காது, தழுதழுக்கும். அந்த இடத்தில் வேறு எந்த வாத்தியத்தையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எல்லாமே தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ‘இங்கிலிஷ் டீ’யில் பழைய சர்க்கரை தூக்கல், காட்ரிச் எப்படி விட்டாரோ!

அட்டைப்படம் லிவர்பூல் ஃபோர்த்லின் சாலை வீட்டின் புழக்கடை. கிதாரோடு உட்கார்ந்திருக்கும் இளைஞன் பாலைத் தம்பி மைக் ஜன்னல் திரை வழியாக எடுத்தது. புகழ் வருவதற்கு முன்பு, பாட்டு நன்றாக இல்லையென்றால் யாரும் தயங்காமல் சொல்லியிருக்கக்கூடிய காலம் அது.

ஆல்பம் கிராமியின் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ பிரிவுக்குப் பரிந்துரையானது. ஆனாலும் 2007-ல் வந்த அடுத்த ராக் ஆல்பத்தில் தயாரிப்பாளர் காட்ரிச் இல்லை. அதற்காக மெக்கார்ட்னியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகமே கொண்டாடும் வயதில் ஒருவரின் ‘வேண்டாம்’களை ஓர் ஆல்பம் முழுக்கக் கேட்டுக்கொண்டதே பெரிய விஷயம். நம்மில் பலர் ஒரு வாக்கியத்துக்கே முகம் சுளித்துவிடுகிறோம்.