கம்ப்யூட்டர் வயலில் கோதுமை!

சப்பாத்தி சாப்பிடும் நாம், கோதுமை வயலின் கணக்கையும் தெரிந்து கொள்வோமா, மாணவர்களே!

'இந்தியாவில், 11 கோடி டன்னுக்கு மேல் கோதுமை விளையும்' என, 2022 பிப்ரவரியில் மத்திய அரசு மதிப்பிட்டது. மார்ச்சில், 1901க்குப் பின் அதுவரை இல்லாத வெயில் கொளுத்தியது. பஞ்சாப், ஹரியானாவில் கதிர்கள் பால் பிடித்து, மணி திரளும் நேரம் அது. பயிர் அவசரமாக முற்றியது, மணிகள் சுருங்கின. மே மாதம், மதிப்பீடு சுமார், 10.6 கோடி டன்னாகக் குறைந்தது. மே 13ல், கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

இத்தகைய இழப்பை முன்கூட்டியே கணிக்க, விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில், 'பயிர் மாதிரி' உருவாக்குகின்றனர். மண், மழை, வெயில், விதை ரகம் பற்றிய விவரங்களைக் கொடுத்தால், பயிர் நாள்தோறும் எவ்வளவு வளரும் என, அது கணக்கிடும்.

ஒரு வயலுக்குக் கணக்கிடுவதை விட, நாட்டுக்கே கணக்கிடுவது கடினம். ஏன் தெரியுமா? விதைத்த நாளும், மண்ணும், நீரும் வயலுக்கு வயல் மாறும். தாமதமாக விதைத்த விவசாயிக்கு நஷ்டம் அதிகம். சராசரியை மட்டும் பார்த்தால், அவரது நஷ்டம் மறைந்து விடும்.

உலக வெப்பம், ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், கோதுமை விளைச்சல், 6 சதவீதம் குறையும் என, 30 மாதிரிகளை ஒப்பிட்டு, 2015ல் வெளியான ஆய்வு கூறியது. அந்தப் பெரிய கணக்கு, அரசுகளை எச்சரிக்கும். எந்த ரகத்தை, எப்போது விதைக்கலாம் என்பதை, வயல் கணக்குதான் சொல்லும். இரண்டும் வேண்டும்!